கடற்கரை மருத்துவமும் தொடர்கல்வியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை, ராமநாதபுரம் கடற்கரையோரம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிறு மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கிற நாங்கள் சிலர் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் கூடிப் படிக்கிறோம். டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், கிராம சுகாதார செவிலியர், மருந்தாளுநர், 108 ஆம்புலன்ஸ் ஊழியர் என்று யாரும் வரலாம். புதிதாக வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால் எழுதி வைத்துவிட்டோம். பதில் எழுதுகிற நான் பதினான்கு வருடமாக இந்தக் கரையில் இருக்கிற டாக்டர். சில இடங்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை வருடம் படித்தது போதாதா? மறுபடியும் எதற்கு வகுப்பு?

நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவரைத் திருக்கை மீன் அடித்துவிட்டது என்று தூக்கி வந்தார்கள். கணுக்காலுக்கு மேலே ஒரு கிழிசல். ரத்தம் அதிகமில்லை, ஆனால் மனிதர் கட்டிலில் புரண்டு கத்துகிறார். வீக்கம், வலி என்றால் ஐஸ் வைப்பது என் கைப்பழக்கம். ஐஸ் வைத்தேன், வலிக்கு ஊசி போட்டேன். கத்தல் கூடியது. கூட வந்த பெரியவர் வாசலில் நின்றபடி, "சுடுதண்ணி வைங்க சார், அது சூட்டுக்குத்தான் அடங்கும்" என்று இரண்டு தடவை சொன்னார். "கொஞ்சம் வெளியே இருங்க" என்றேன் நான். ஒரு மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் எங்கள் சிஸ்டர் என்னைக் கேட்காமலே ஒரு வாளி சுடுநீர் கொண்டுவந்து காலை அதில் வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் கத்தல் முனகலானது. அப்புறம் அவர், தன் வலையை யார் எடுத்து வைத்தார்கள் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

அன்று இரவு புத்தகத்தைப் புரட்டினேன். பெரியவர் சொன்னது அப்படியே அச்சில் இருந்தது. திருக்கையின் நஞ்சு புரதத்தால் ஆனது, சூட்டில் சிதைந்துவிடும். ஐந்தரை வருடப் படிப்பில் அந்தப் பக்கத்தை யாரும் திறந்ததில்லை, தேர்வில் வராத பக்கம். பெரிய நகரங்களில் நடக்கிற கருத்தரங்குகளில் ஸ்டென்ட் பற்றி அரை நாள் பேசுகிறார்கள். அதுவும் தேவைதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு எங்கள் கதவைத் தட்டுகிறவர் காலில் இருப்பது திருக்கை முள்.

இதற்கு மதிப்பெண் உண்டா? பதிவைப் புதுப்பிக்க உதவுமா?

டாக்டர்கள் 5 ஆண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிமுறையிலேயே இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் அங்கீகரித்த கூட்டங்களில் கலந்துகொண்டால்தான் அந்தக் கணக்கில் சேரும். எங்கள் சனிக்கிழமைக் கூட்டம் பெரும்பாலும் சேராது. வருடத்தில் ஓரிரு முறை முறையாக விண்ணப்பித்து நடத்துகிறோம், அப்போது முன்கூட்டியே சொல்லிவிடுவோம். மதிப்பெண் மட்டும் தேவை என்றால் அதற்கு எளிதான வழிகள் நிறைய இருக்கின்றன, இவ்வளவு தூரம் பஸ் ஏறி வர வேண்டாம்.

மருந்து கம்பெனி செலவு செய்கிறதா?

இல்லை. டீயும் வடையும் எங்கள் காசு. கம்பெனிகளிடமிருந்து பரிசு, பயணச் செலவு வாங்கக் கூடாது என்று 2009 டிசம்பரிலேயே விதி வந்துவிட்டது. 2024 மார்ச்சில் மருந்து விற்பனைக்கான சீரான நடத்தை விதி வேறு வந்தது. விதி இருக்கட்டும், எங்களுக்கு அந்தச் சிக்கலே வருவதில்லை. சுடுநீரை விற்க எந்தக் கம்பெனி வரும்?

திருக்கை அடித்தவருக்குச் சுடுநீர் சரி. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்?

45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. 30 முதல் 90 நிமிடம் வரை அடிபட்ட கை அல்லது காலை முழுக்க அமிழ்த்தி வைக்க வேண்டும், ஆற ஆறச் சூடான நீரைச் சேர்க்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் நோயாளியின் அடிபடாத காலை முதலில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடிபட்ட காலை நம்பக் கூடாது. அந்த வலியில் தோல் வெந்தால்கூட அவருக்குத் தெரியாது. அவசரத்தில் கொதிநீரை ஊற்றிக் கொப்புளம் போட்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறோம். வலி தணிக்கும் மருந்தைக் கூடவே கொடுக்கலாம், சுடுநீர் அதற்கு மாற்று ஆகாது.

வலி அடங்கியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். திருக்கை முள் ரம்பம் மாதிரி, உடைந்து உள்ளே தங்கும். நன்றாகக் கழுவி, துழாவி, முடிந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். டெட்டனஸ் ஊசியைக் கேட்டுப் போடுங்கள். ஆழமான காயத்தை உடனே தையல் போட்டு மூடாதீர்கள். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறி நிற்கிறது என்றால் பிடுங்கவே கூடாது. அது அசையாதபடி கட்டி அப்படியே அனுப்புங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர், கல்லீரல் கெட்டவர் என்றால் இன்னொரு பயம் உண்டு. உப்புத் தண்ணீரில் வாழ்கிற விப்ரியோ வகைக் கிருமிகள் ஒரு சின்னக் கீறல் வழியாக ஏறி, ஒரே நாளில் காலைக் கருக்கிவிடும். "நேற்று சாயங்காலம் மீன் முள் குத்தியது, இன்று கால் ஊதிவிட்டது, காய்ச்சல், கொப்புளத்தில் கறுப்பு நீர்" என்று ஒருவர் வந்தால் அமாக்ஸிசிலின் எழுதிக் கொடுத்து மூன்று நாள் கழித்து வாருங்கள் என்று சொல்லக் கூடாது. டாக்ஸிசைக்ளினோடு செஃப்ட்ரியாக்ஸோன் தொடங்கி, அறுவை சிகிச்சை செய்யக்கூடிய இடத்துக்கு அன்றே அனுப்ப வேண்டும். எங்கள் கூட்டத்தில் அதிகம் திரும்பத் திரும்பப் பேசப்பட்டது இதுதான், ஏனென்றால் தாமதமானால் போவது கால்.

கெளுத்தி முள்ளுக்கும் இதே சுடுநீர் முறைதான்.

சொறி (ஜெல்லி மீன்) பட்டால் வினிகரா, சிறுநீரா, மணலா?

சிறுநீர் வேண்டாம். மணலால் தேய்ப்பதும் வேண்டாம். சொறியின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் பைகள் வெடிக்காமல் ஒட்டியிருக்கும். தேய்த்தாலோ குளிர்ந்த நல்ல தண்ணீரை ஊற்றினாலோ அவை மொத்தமாக வெடித்து இன்னும் நஞ்சு ஏறும். கடல் நீராலேயே கழுவுங்கள், ஒட்டியிருக்கிற இழைகளைக் கிடுக்கியாலோ கையுறை போட்ட கையாலோ எடுங்கள், பிறகு பொறுக்கக்கூடிய சூட்டில் சுடுநீர். வினிகர் பெட்டி வடிவச் சொறிக்கு நல்லது. நீலக் காற்றுப் பை மாதிரி மிதந்து வருகிற வகைக்கு அதைப் பற்றி நிபுணர்களிடையே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. எது பட்டது என்று தெரியாத இடத்தில் கடல் நீரும் சூடும் போதும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் தோலை விட்டுவிட்டு ஆளைப் பாருங்கள்.

கடல் பாம்பு கடித்தவருக்கு விஷமுறிவு மருந்து போடலாமா?

நம்மிடம் இருக்கிற மருந்து நான்கு தரைப் பாம்புகளுக்கானது: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கடல் பாம்பின் நஞ்சை அது முறிக்காது. போட்டால் பலன் இல்லை, ஒவ்வாமை மட்டும் வரலாம், அடுத்து வருகிற வயற்காட்டுக் கடிக்குக் குப்பி இல்லாமலும் போகலாம்.

வலையை உதறும்போதுதான் பெரும்பாலும் கடிபடும். கடித்த இடத்தில் வலியே இருக்காது, வீக்கமும் இருக்காது, அதனால் "சும்மா உரசல்" என்று சொல்லிவிட்டு மீன் பிரிக்கப் போய்விடுவார்கள். பல கடிகளில் நஞ்சே இறங்குவதில்லை என்பதும் உண்மை. ஆனால் நஞ்சு இறங்கியிருந்தால், அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் சதை வலிக்கும், கழுத்தும் தாடையும் விறைக்கும், கண் இமை தொங்கும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். சதை உருகிச் சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அர்த்தம். திரவம் ஏற்றி, சிறுநீரின் அளவைக் குறித்து, ரத்தத்தில் பொட்டாசியத்தைப் பார்த்து, டயாலிசிஸும் வென்டிலேட்டரும் உள்ள இடத்துக்கு நேரத்தோடு அனுப்புவதுதான் வைத்தியம். ஒன்றும் இல்லாதவரையும் நாங்கள் ஒரு நாள் படுக்க வைத்துப் பார்க்கிறோம். ஒரு பாட்டிலில் சிறுநீரைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க எந்த லேபும் தேவையில்லை.

தரைப் பாம்பு பற்றியும் சொல்லித் தருவீர்களா?

ஆமாம், வருடா வருடம். இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள் என்பது 2000 முதல் 2019 வரையிலான மதிப்பீடு. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கிவிட்டது, ஆகவே ஒவ்வொரு கடியையும் பதிவு செய்ய வேண்டும்.

இரண்டு விஷயம் மட்டும் இங்கே. சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ரத்தம் உறைந்ததா என்று சாய்த்துப் பார்க்கும் பரிசோதனையை எல்லோரும் தங்கள் கையால் செய்து பழக வேண்டும். சோப்பு போட்டுக் கழுவிய குழாய் என்றால் முடிவு தப்பாக வரும். அடுத்தது, தரையில் பாய் விரித்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று வந்து, கண் இமையும் தொங்குகிறது என்றால் கட்டுவிரியனை நினையுங்கள். கடித்த தடம் தேடினால் கிடைக்காது. அதைக் கேஸ் டிரபிள் என்று எண்ணி ரானிடிடின் போட்டு அனுப்பிய கதை ஒன்று எங்கள் கூட்டத்திலேயே சொல்லப்பட்டது. சொன்னவரை யாரும் கேலி செய்யவில்லை.

சங்கு குளிக்கிறவருக்குக் கால் மரத்துப் போனால் பக்கவாதமா?

பெரும்பாலும் அப்படித்தான் எழுதி அனுப்பிவிடுகிறார்கள், அதனால்தான் இந்தக் கேள்விக்கு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

மூச்சைப் பிடித்துக் குளிக்கிற பழைய முறை வேறு. இப்போது சிலர் படகில் கம்ப்ரசர் வைத்து, அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். ஆழத்தில் அழுத்தம் கூடும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்புத் திசுக்களில் கரைகிறது. விறுவிறுவென்று மேலே வந்தால், மூடி திறந்த சோடா பாட்டிலைப் போல அது குமிழியாகக் கிளம்பும். மூட்டில் அடைத்தால் மூட்டு வலி, தண்டுவடத்தில் அடைத்தால் கால் மரத்துப் போகும், சிறுநீர் இறங்காது. மேலே வந்த சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்.

முப்பது வயது ஆள், பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, இரண்டு காலும் ஒன்றாக மரத்துப் போகிறது, சிறுநீர் அடைத்துக்கொள்கிறது என்றால் மூளை ஸ்கேன் எடுக்க ஓடுவதற்கு முன்னால் "இன்றைக்கு எத்தனை பாகம் இறங்கினீங்க? எத்தனை தடவை?" என்று கேளுங்கள். மீட்டரில் கேட்டால் பதில் வராது, பாகத்தில் கேளுங்கள். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. எவ்வளவு நேரம் அடியில் இருந்தார், கடைசியாக எப்போது ஏறினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் உண்மையைச் சொல்ல மாட்டார். இப்படி இறங்குகிறவர்களில் சிலர் கடல் அட்டையும் எடுப்பார்கள், அது 2001 முதல் தடை. அந்தப் பயத்தில் "வலை இழுக்கப் போனேன் சார்" என்பார். அறையிலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, "நீங்க என்ன எடுத்தீங்கன்னு எனக்கு வேண்டாம், எவ்வளவு ஆழம்னு மட்டும் சொல்லுங்க அண்ணே" என்று கேட்டால் சொல்லிவிடுவார். எனக்கு இதுவரை சொல்லாதவர் இல்லை.

மல்லாக்கப் படுக்க வையுங்கள். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன், நிமிடத்துக்கு 15 லிட்டர், இருக்கிற சிலிண்டர் தீரும்வரை. டிரிப்ஸ், சிறுநீர்க் குழாய். அழுத்த அறை சிகிச்சை உள்ள இடத்துக்குப் போனில் பேசிவிட்டு அனுப்புங்கள். திரும்பவும் கடலில் இறக்கினால் சரியாகிவிடும் என்று கூட்டாளிகள் சொல்வார்கள், சிலர் செய்தும் இருப்பார்கள். மரத்த காலோடு ஒருவரைத் தண்ணீரில் இறக்குவது அவரை மூழ்கடிக்கிற வேலை. கண்டிப்பாகத் தடுங்கள்.

கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கு என்று தனியாக என்ன இருக்கிறது?

விரலில் துணி சுற்றி, முகத்தில் கண்ணாடி மாட்டி, காலைப் பொழுது முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கி மூழ்கிக் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் அறுக்கிற அக்காக்கள் ஓ.பி.யில் சொல்வது "கை கால் குடைச்சல்" என்ற ஒரே வார்த்தை. அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டால் வரிசையாக வரும். பாறையில் கிழித்த புண்கள். ஆறாமல் மாதக்கணக்கில் தடித்து நிற்கிற கட்டி. அது காசநோய்க் கிருமிக்கு உறவான, தண்ணீரில் வாழ்கிற மீன்தொட்டிக் கிருமியாக இருக்கலாம், சதைப் பரிசோதனை செய்யாமல் களிம்பு மேல் களிம்பாக மாற்றிக்கொண்டே போகிறோம். காதில் சீழ். முதுகு வலி. எல்லாவற்றுக்கும் மேலாக நீர்க்கடுப்பு. படகில் ஒதுங்க இடமில்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் போகிறார்கள், ஈரத் துணியோடு பல மணி நேரம் இருக்கிறார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு "நிறையத் தண்ணி குடிங்க" என்பது அந்த வாழ்க்கையைப் பார்க்காதவர் சொல்கிற பதில். கரை ஏறியதும் முதல் வேலையாக இரண்டு செம்பு தண்ணீர், உடனே மாற்றுத் துணி. இவ்வளவுதான் அவர்களால் முடியும், இதையே சொல்லுங்கள்.

இன்னொன்று. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவர்கள் கடலில் இருப்பார்கள். அந்த நாளில் மறுபரிசோதனைக்கு வரச் சொன்னால் வர மாட்டார்கள், நாமும் "சொல்பேச்சு கேட்காத நோயாளி" என்று எழுதி வைப்போம். தேதி கொடுக்கும் முன் சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரைப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு கிராம சுகாதார செவிலியர் சொன்ன யோசனை இது. காசநோய் மாத்திரைக்கும், கர்ப்பிணிப் பரிசோதனைக்கும் இப்போது எல்லோரும் இப்படித்தான் தேதி போடுகிறோம்.

உப்பளத்தில் மயங்கி விழுந்தவருக்கு முதலில் என்ன?

குளிர்விப்பது. வண்டிக்குக் காத்திருக்கும்போதே. உடம்பு கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் வெப்பவாதம். நிழலுக்கு இழுத்து, துணியைத் தளர்த்தி, இருக்கிற தண்ணீரையெல்லாம் ஊற்றி விசிறுங்கள், அப்புறம் ஏற்றுங்கள். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. நினைவு தெளிவில்லாதவர் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது. ஒரு டம்ளரில் முழுப் பொட்டலத்தையும் போட்டுக் குடிக்கிறார்கள்.

மீன் சாப்பிட்டதும் உடம்பு சிவந்து தடித்தால் மீன் அலர்ஜிதானே?

இருக்கலாம். ஆனால் அதே வீட்டில் அதே குழம்பைச் சாப்பிட்ட மூன்று பேருக்கும் முகம் சிவந்து தலை வலிக்கிறது என்றால் அலர்ஜி அல்ல. சூரை, அயிலை மாதிரி மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால் அதில் ஹிஸ்டமின் சேரும், கொதிக்க வைத்தாலும் போகாது. வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் நோயாளியிடம் "இனி ஜென்மத்துக்கும் மீன் சாப்பிடாதே" என்று சொல்லிவிடாதீர்கள். இந்தக் கரையில் அது பெரிய தண்டனை.

உதடும் நாக்கும் மரத்துப் போய், கை தூக்க முடியவில்லை என்றால் பேத்தை மீன் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அதன் நஞ்சுக்கு முறிவு கிடையாது, சமைத்தாலும் அழியாது. ஆளுக்கு நினைவு முழுசாக இருக்கும், மூச்சு மட்டும் நின்றுபோகும். மூச்சைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைத்துவிடுவார். ஆம்பு பையை அமுக்குகிற கை ஓயக் கூடாது, ஆள் மாற்றி ஆள் அமுக்குங்கள்.

மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கித் தண்ணீரை எடுக்கலாமா?

கூடாது. வயிற்றை அமுக்கவும் கூடாது, வாந்தி நுரையீரலுக்குள் போகும். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. மாரடைப்புக்கு நெஞ்சை மட்டும் அமுக்கினால் போதும் என்று பழகியவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், பிறகு 30 அமுக்கு, 2 மூச்சு. இதை வகுப்பில் சொன்னால் பதியாது, பொம்மையை வைத்துப் பழக வேண்டும். ராமேஸ்வரம், தனுஷ்கோடி பக்கம் சுற்றுலா வண்டி ஓட்டுகிற ஆட்டோ அண்ணன்களை ஒரு தடவை அழைத்தோம். எங்களை விட வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

பிரஷர், சர்க்கரைக்கு என்ன புதிதாகச் சொல்லப் போகிறீர்கள்?

மருந்தில் புதிதாக ஒன்றுமில்லை. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மூலம் மாத்திரை வீட்டுக்கே போகிறது. நாங்கள் பேசுவது அந்த மாத்திரை வீட்டிலிருந்து படகுக்கு ஏன் போவதில்லை என்பதைப் பற்றி. விசைப்படகில் போகிறவர் நனைந்துவிடும் என்று விட்டுப் போகிறார். சிறுநீர் பிரிக்கிற மாத்திரை என்றால் நடுக்கடலில் தொல்லை என்று வேண்டுமென்றே விட்டுப் போகிறார். இறுக்கி மூடுகிற சின்ன டப்பா கொடுத்தோம், மாத்திரையையும் நேரத்தையும் டாக்டரிடம் கேட்டு மாற்றிக் கொடுத்தோம். அதற்கே பலன் தெரிந்தது.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாட்டை நிறுத்து என்று மீனவர் வீட்டில் சொல்கிறவர் பேச்சை யார் கேட்பார்? கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்று அப்பளம், ஊறுகாய் வேண்டாம், குழம்பில் தனி உப்பு வேண்டாம் என்று பேரம் பேசுங்கள்.

மனநலம் நம் பாடத்தில் உண்டா?

மனநலம் பாதித்தவர்களைத் தர்காவுக்குக் கூட்டி வருகிற ஏர்வாடி இருக்கிற மாவட்டத்தில் இந்தக் கேள்வியே வரக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை அங்கே ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் யாரையும் எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. தர்காவிலேயே "தவா, துவா" என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்து நடக்கிறது, எனக்குப் பிடித்த ஏற்பாடு அது. தர்காவுக்குப் போகாதே என்று குடும்பத்தோடு சண்டை போடாதீர்கள். போய்க்கொண்டே மாத்திரையும் சாப்பிடச் சொல்லுங்கள்.

பாடம் இங்கிலீஷிலா? நர்ஸ்கள் டாக்டர்கள் முன்னால் பேசலாமா?

தமிழில். மருந்தின் பெயர் எந்த மொழியில் வந்தாலும் வரட்டும். பேசுவதைப் பொறுத்தவரை ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: எந்தக் கேஸாக இருந்தாலும் முதலில் பேசுவது நோயாளியை முதலில் பார்த்தவர். பெரும்பாலும் அது சிஸ்டர், இல்லையென்றால் 108 தம்பி. டாக்டர் கடைசியில். வாளி கொண்டுவந்த சிஸ்டர் போட்டுக் கொடுத்த வழக்கம்தான், இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு நோயாளியின் கதை. பெயர், ஊர், தெரு எதுவும் வேண்டாம். நன்றாக முடிந்த கதையை விட, கை நடுங்கிய கதை நல்லது. போட்டோ எடுத்திருந்தால் நோயாளியின் சம்மதம் கேட்டு எடுத்ததாக இருக்கட்டும், முகம் தெரியக் கூடாது. அப்புறம், மதியம் 2.30-க்கு ஆரம்பிக்கிறோம். பாம்பன் பாலத்தைத் தாண்டி வருகிறவர்கள் சனிக்கிழமைச் சுற்றுலா நெரிசலைக் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள். வடை மூன்று மணிக்குத் தீர்ந்துவிடும்.